மீன் தொட்டிக்குக் கீழே என்ன இருக்கு? (நீளமான த்ரெட்)

1/ வீட்ல மீன் தொட்டி வச்சிருக்கீங்களா? இல்ல, பசங்க நச்சரிக்கிறாங்கனு இந்த லீவுக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கீங்களா? அப்ப இதை முழுசா படிச்சிடுங்க. மீன், ஃபில்டர், தீவனம் பத்தியெல்லாம் பேசப் போறதில்ல. அதுக்கு என்னைவிட விவரம் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க. தொட்டிக்குக் கீழே இருக்கிற ஸ்டாண்டைப் பத்தி மட்டும்தான். டாக்டருக்கு இதுல என்ன வேலைனு கேக்குறீங்களா? சொல்றேன்.

2/ கேஷுவாலிட்டி ட்யூட்டி. ராத்திரி எட்டரை மணி இருக்கும். அஞ்சு வயசுப் பையன், வலது பாதத்துல ஆழமான வெட்டு. அம்மாவோட துப்பட்டாவைச் சுத்திக் கொண்டுவந்தாங்க. ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல "எப்படி நடந்தது"னு எழுதணுமே, கேட்டேன். "மீன் தொட்டி சாஞ்சிடுச்சு சார்"னார் அப்பா. பைக்ல இருந்து விழுந்தது, நாய் கடிச்சது, கொதிக்கிற குழம்பு கொட்டினதுனு தினம் எழுதுற கை. மீன் தொட்டினு அன்னைக்குத்தான் முதல்முறையா எழுதுச்சு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/ காயத்தைத் திறந்து பார்த்தா, பெருவிரலைத் தூக்குற தசைநாண் அறுந்திருந்தது. ரத்தத்தைக் கட்டுப்படுத்தி, டிடி போட்டு, எக்ஸ்ரேல கண்ணாடித் துண்டு உள்ள இருக்கானு பார்த்து, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். அங்க ஆபரேஷன் நடந்தது. பையன் இப்ப நல்லா நடக்கிறான். அந்தத் தொட்டி அவன் நெஞ்சு மேலயோ தலை மேலயோ விழுந்திருந்தா நான் இதை எப்படி எழுதியிருப்பேன்னு தெரியல.

4/ அப்புறம் நிதானமா அவங்க அப்பாகிட்ட பேசினேன். ரெண்டடித் தொட்டி. பழைய டிவி ஸ்டாண்ட் சும்மா கிடக்கேனு அது மேல வச்சிருக்காங்க. பார்ட்டிகிள் போர்டுல செஞ்சது. ஏர் பம்பைத் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டோட தட்டுல வச்சிருந்தாங்க. கரண்ட் போகும்போதெல்லாம் தொட்டித் தண்ணி அந்தச் சின்ன ட்யூப் வழியா கீழ இறங்கி, சொட்டுச் சொட்டா போர்டுல ஊறியிருக்கு. மாசக்கணக்கா. பின்பக்கக் கால் உப்பிப் போச்சு. யாரும் குனிஞ்சு பாக்கல.

5/ அன்னைக்குப் பையன் மீனைக் கிட்டப் பாக்கணும்னு கீழ்த்தட்டுல கால் வச்சு ஏறியிருக்கான். அவன் எடை 16 கிலோ. ஸ்டாண்ட் உறுதியா இருந்திருந்தா அந்த 16 கிலோவுக்கு அசைஞ்சே இருக்காது. ஏற்கெனவே ஆடிட்டு இருந்த ஸ்டாண்ட் பக்கவாட்டுல மடங்கி உக்காந்துடுச்சு. "பையன் ஏறிட்டான் சார்"னு அப்பா மறுபடி மறுபடி சொன்னார். அஞ்சு வயசுப் பையன் ஏறத்தான் செய்வான். ஏறினாலும் விழாத மாதிரி வைக்கிறது நம்ம வேலை.

6/ என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மீன் தொட்டி வாங்குறதுல முதல் செலவு ஸ்டாண்டுக்குத்தான் இருக்கணும். தொட்டி, லைட், கல், மீன் எல்லாம் அப்புறம். நல்ல ஸ்டாண்டுக்குக் காசு இல்லைனா தொட்டியோட அளவைக் குறைங்க. ஸ்டாண்டோட தரத்தைக் குறைக்காதீங்க. நம்ம ஊர்ல நடக்கிறது அப்படியே தலைகீழ். மீனுக்கும் அலங்காரத்துக்கும் ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு, "கீழ வைக்க வீட்லயே ஏதாவது இருக்கும்"னு வந்துடறோம்.

7/ எடைக் கணக்கு பாப்போம். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. நீளம் × அகலம் × உயரத்தை அடியில பெருக்கி, 28-ஆல பெருக்குனா தண்ணியோட எடை வந்துடும். அதோட கண்ணாடி, அடியில போடுற கல், மணல், பாறை எல்லாத்தையும் சேருங்க. தண்ணி பாக்க லேசா தெரியும். தூக்கிப் பாத்தவங்களுக்குத்தான் அருமை தெரியும். குழாயடியில குடம் தூக்குனவங்களைக் கேளுங்க.

8/ 2 × 1 × 1 அடித் தொட்டி: எல்லாம் சேர்த்து சுமார் 70 கிலோ.
3 × 1 × 1½ அடி: சுமார் 160 கிலோ.
4 × 1½ × 1½ அடி: தண்ணி மட்டும் 250 லிட்டர். கண்ணாடியே 50 கிலோ வரும். மொத்தம் 330 கிலோ பக்கம்.
அதாவது ஆளுக்கு 65 கிலோனு அஞ்சு பேர் உங்க ஸ்டாண்ட் மேல நெருக்கியடிச்சு ஏறி நிக்கிறாங்க. ராத்திரி பகல் இறங்காம, வருஷக்கணக்கா. உங்க வீட்டு டிவி ஸ்டாண்ட் மேல அப்படி அஞ்சு பேரை ஏத்துவீங்களா?

9/ டிவி ஸ்டாண்ட் டிவிக்காகச் செஞ்சது. 32 இன்ச் எல்இடி டிவி பத்து கிலோகூட வராது. புத்தக அலமாரி, கம்ப்யூட்டர் டேபிள், ஷூ ரேக் எல்லாம் இதே கதைதான். இன்னொண்ணு, "நானே ஏறி நின்னு பாத்தேன், தாங்குச்சு"னு சொல்லாதீங்க. ஒரு நிமிஷம் தாங்குறது வேற, ஒரு வருஷம் தாங்குறது வேற. பலகை தொடர்ந்து சுமந்தா கொஞ்சம் கொஞ்சமா தொய்யும். தொய்ஞ்சது திரும்பாது.

10/ பலகை விஷயத்துல ஏமாறாதீங்க. பார்ட்டிகிள் போர்டுங்கிறது மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்தினது. மேல பளபளனு லேமினேட் ஒட்டியிருப்பாங்க. ஓரத்துலயோ ஸ்க்ரூ ஓட்டையிலயோ தண்ணி இறங்கினா ஊறின பன் மாதிரி உப்பும். காஞ்சாலும் பழைய பலம் வராது. எம்டிஎஃப்பும் தண்ணி விஷயத்துல கிட்டத்தட்ட இதே ஜாதி. மீன் தொட்டி இருக்கிற இடத்துல தண்ணி சிந்தாம இருக்காது. தண்ணி மாத்தும்போது சிந்தும், கை விட்டு எடுத்தா சொட்டும்.

11/ மரத்துலதான் வேணும்னா பிளைவுட் கேளுங்க. ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறது மரைன் பிளை. தண்ணியைத் தாங்குறதுக்குன்னே உள்ளது. 18 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாம. வெட்டின ஓரம் எல்லாத்தையும் மூடணும். உள்பக்கமும் பெயின்ட்டோ லேமினேட்டோ இருக்கணும். கேபினெட்டுக்குள்ள ஃபில்டர் வைக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். உள்ள புழுக்கம் சேரும், அதனால பின்பக்கம் காத்துப் போக வழி விடுங்க.

12/ கேபினெட் வாங்கும்போது ஒரே ஒரு விஷயம் பாருங்க: எடை எது வழியா தரைக்கு இறங்குது? மேல்பலகை, ரெண்டு பக்கப் பலகையோட தலை மேல உக்காந்திருக்கணும். பக்கப் பலகை நேரா தரைக்குப் போகணும். பக்கப் பலகைகளுக்கு நடுவுல மேல்பலகையைச் செருகி ஸ்க்ரூ போட்டிருந்தா, மொத்த எடையும் நாலஞ்சு ஸ்க்ரூ மேல தொங்குது. மூணு அடிக்கு மேல தொட்டினா நடுவுல ஒரு பலகை நிக்கணும். "கதவு அழகா திறக்கணும்னு நடுவுல விட்டுட்டோம்"னு கார்பென்டர் சொன்னா, வேணாம்னு சொல்லிடுங்க.

13/ அடுத்தது ஆட்டம். பெரும்பாலான ஸ்டாண்ட் நேரா கீழ நசுங்கி உடையாது, பக்கவாட்டுல மடங்கும். தீப்பெட்டியோட மேல் உறையை ரெண்டு பக்கமும் திறந்த மாதிரி பிடிச்சு, ஓரத்துல தள்ளிப் பாருங்க, சாஞ்சு படுத்துடும். அதைத் தடுக்கிறது பின்பலகையும் குறுக்குச் சட்டமும்தான். ஒயர் போகணும்னு பின்பலகையை மொத்தமா கழட்டிடறாங்க. அது அலங்காரம் இல்ல, முதுகெலும்பு. ஒயருக்கு ஒரு ஓட்டை போட்டா போதும்.

14/ கடையிலயே சோதனை பண்ணுங்க. தொட்டி இல்லாத ஸ்டாண்டோட மேல்மூலையைப் பிடிச்சு இடமும் வலமும் தள்ளுங்க. முன்னும் பின்னும் தள்ளுங்க. துளி ஆட்டம் இருந்தாலும் வேணாம். "தொட்டி வச்சு தண்ணி ஊத்தினா செட் ஆயிடும் சார்"னு கடைக்காரர் சொல்வார். ஆகாது. எடை ஏறினா ஆட்டம் மறைஞ்ச மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

15/ என்னைக் கேட்டா, நடுத்தர வீட்டுக்கு இரும்பு ஸ்டாண்ட்தான் நல்லது. அழகு கம்மிதான், ஒத்துக்கிறேன். ஆனா தெருமுனை வெல்டிங் பட்டறையில நம்ம அளவுக்குச் செஞ்சு தருவாங்க. ஸ்கொயர் பைப் இல்லனா எல் ஆங்கிள். தொட்டியோட நாலு ஓரமும் ஃப்ரேம் மேல முழுசா உக்காரணும், நாலு மூலை மட்டும் இல்ல. பின்பக்கமும் ரெண்டு பக்கமும் குறுக்குச் சட்டம் கேளுங்க. ஃப்ரேம் மேல மரைன் பிளை போடுங்க. ரெட் ஆக்சைடு அடிச்சு அது மேல பெயின்ட். காலுக்கு ரப்பர் புஷ். வெல்டிங் சூட்டுல ஃப்ரேம் முறுக்கிக்கும், அதனால பட்டறையிலயே தரையில வச்சு நாலு காலும் படியுதானு பாத்துட்டுத்தான் காசைக் குடுங்க.

16/ கடப்பா கல் பத்தி தனியா சொல்லணும். சுவத்துல பதிச்ச கடப்பா கல் ஷெல்ஃப் மேல தொட்டி வைக்கிறது நம்ம பக்கம் ரொம்ப சகஜம். கல் நசுக்குறதைத் தாங்கும், வளைக்கிறதைத் தாங்காது. உள்ள கம்பி கிடையாது. பலகைனா தொய்ஞ்சு முன்கூட்டியே எச்சரிக்கும். கல் எந்த எச்சரிக்கையும் இல்லாம ஒரே நொடியில முறியும். கீழ செங்கல் சுவரோ இரும்புச் சட்டமோ தாங்கினா சரி. அந்தரத்துல நீட்டிட்டு இருக்கிற கல் மேல தொட்டி வேணாம்.

17/ உயரம். ஒரு அடி அகலத் தொட்டியை ரெண்டரை அடி உயர ஸ்டாண்ட்ல வச்சா, கிட்டத்தட்ட பத்து டிகிரி சாஞ்சாலே கவுந்துடும். அதுவும் சாயுற பக்கம் தண்ணி ஓடிப் போய் எடையை ஏத்தும். ஒல்லியா உயரமா இருக்கிற ஸ்டாண்ட் கடையில பாக்க நல்லாருக்கும், குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. அகலமான அடி, குறைஞ்ச உயரம். இதுதான் என் ஓட்டு. பின்னாடி ரெண்டு எல் கிளாம்ப் போட்டு, சுவத்துல ஆங்கர் போல்ட் இறக்கிடுங்க. வாடகை வீடுனா ஓனர்கிட்ட கெஞ்சியாவது போடுங்க. ரெண்டு ஓட்டையைப் பின்னாடி பூசிக்கலாம்.

18/ குழந்தை இருக்கிற வீட்டுல ஸ்டாண்டோட முன்பக்கம் ஏணி மாதிரி இருக்கக் கூடாது. திறந்த தட்டு, நீட்டிட்டு இருக்கிற டிராயர், கால் வைக்கிற கம்பி, எதுவும் வேணாம். மூடின கேபினெட்டோ, முன்னாடி வழுவழுப்பான பலகையோ நல்லது. மீன் தீவனத்தைத் தொட்டி மேல வைக்காதீங்க, அதை எடுக்கத்தான் ஏறுவாங்க. பசங்க பாக்கணும்னு ஆசைப்பட்டா பக்கத்துல ஒரு கனமான ஸ்டூலைப் போட்டு, நீங்க கூட நில்லுங்க.

19/ மட்டம். கொத்தனார் வச்சிருப்பாரே ரசமட்டம், அதை வாங்கி ஸ்டாண்ட் மேல நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வச்சுப் பாருங்க. பாத்ரூமை ஒட்டின சுவர்ப் பக்கம் தரை வாட்டம் விட்டிருப்பாங்க, கவனம். மட்டம் இல்லாத ஸ்டாண்ட்ல தொட்டி முறுக்கிக்கும். கண்ணாடி வளையாது, விரிசல்தான் விடும். இல்ல சிலிக்கான் ஒட்டு பிரியும். மட்டம் சரி பண்ண வேண்டியது ஸ்டாண்டோட காலுக்கு அடியில. தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல அட்டையை மடிச்சுச் செருகுறது தப்பு, எடை முழுக்க அந்த ஒரு புள்ளியில இறங்கும்.

20/ அடிக்கண்ணாடி நேரா ஸ்டாண்ட்ல படியுற மாதிரியான தொட்டினா (நம்ம கடைகள்ல ஒட்டித் தர்றது பெரும்பாலும் இதுதான்) அடியில தெர்மாகோல் ஷீட் ஒண்ணு முழு அளவுக்குப் போடணும். சின்ன மண்துகள், பலகை மேடு பள்ளத்தை அது உள்வாங்கிக்கும். ஆனா கோணலை அது சரி பண்ணாது. அடியில பிளாஸ்டிக் ஃப்ரேம் போட்டு வர்ற கம்பெனித் தொட்டிக்கு அவங்க சொன்னபடி செய்யுங்க, பல தொட்டிக்கு தெர்மாகோல் தேவையில்ல.

21/ "தரை தாங்குமா டாக்டர்?" வீட்டு அறைக்கு ஐ.எஸ். 875-ல சொல்ற கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. நாலடித் தொட்டி அது நிக்கிற இடத்துல அதைப் போல மூணு மடங்கு அழுத்தும். உடனே பயப்படாதீங்க, கான்கிரீட் தளம் அந்த எடையைச் சுத்திப் பிரிச்சுக்கும். சுவர் ஓரமா, பீம் இருக்கிற பக்கமா வைங்க, நடு ஹால்ல வேணாம். நாலடிக்கு மேலனா, இல்ல பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டு மாடினா, ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டிட்டு வைங்க.

22/ கரண்ட். ஈரக் கையில தோலோட மின்தடை வெகுவா குறைஞ்சிடும். சாதாரணமா சுர்ருனு அடிச்சு விட்டுடற ஷாக், ஈரத்துல இதயத் துடிப்பையே குலைக்கும். பிளக் பாக்ஸைத் தொட்டிக்கு நேர் கீழ வைக்காதீங்க. பக்கவாட்டுல, கொஞ்சம் உயரத்துல மாட்டுங்க. ஒயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விட்டுட்டு மேல ஏறணும், அப்பதான் வழியிற தண்ணி அங்கயே சொட்டும். ஏர் பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்லனா ட்யூப்ல செக் வால்வ் போடுங்க. ரொம்ப சின்ன சாமான், விலையும் கம்மி. அந்தப் பையன் வீட்ல அது மட்டும் இருந்திருந்தா பலகை ஊறியே இருக்காது. வீட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கானு பாருங்க. தொட்டியில கை விடுறதுக்கு முன்னாடி எல்லா பிளக்கையும் பிடுங்கிடுங்க.

23/ "எங்க வீட்ல பத்து வருஷமா டிவி ஸ்டாண்ட்லதான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே?" இந்தக் கமென்ட் கண்டிப்பா வரும். ஓபியில இதே கேள்வியை வேற மாதிரி தினம் கேக்குறேன். "எங்க தாத்தா பீடி குடிச்சுட்டே 90 வயசு வரைக்கும் இருந்தார்." தாத்தா இருந்தார், சரி. இல்லாமப் போனவங்க வந்து உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. பத்து வருஷம் நின்னது அந்தப் பலகையோட பலத்துக்குச் சான்று இல்ல. பத்து வருஷமா ஈரம் குடிச்சிருக்குனும் அதுக்கு அர்த்தம் இருக்கு.

24/ "ஏழைங்க மீன் வளக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. என் பதில், தாராளமா வளங்க, சின்னதா ஆரம்பிங்க. ரெண்டடித் தொட்டியை, செங்கல் வச்சுக் கட்டின திண்ணை மேடை மேல வச்சா எந்த கேபினெட்டும் அதுக்கு ஈடாகாது. சிமென்ட் தொட்டியில மொட்டை மாடியில கப்பி வளக்குறாங்களே, அதுவும் மீன் வளர்ப்புதான். கொளத்தூர்ல எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுறது சிமென்ட் தொட்டிதான். ஹால்ல நாலடிக் கண்ணாடி இருந்தாத்தான் மீன் வளக்குறோம்னு அர்த்தம் இல்ல.

25/ ஏற்கெனவே தொட்டி இருக்கா? இன்னைக்கு ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் குனிஞ்சு பாருங்க.
• பலகை எங்கயாவது உப்பியிருக்கா, லேமினேட் உரிஞ்சிருக்கா
• மேல்பலகை நடுவுல தொய்ஞ்சிருக்கா (ஒரு ஸ்கேலை வச்சுப் பாருங்க)
• கேபினெட் கதவு முன்ன மாதிரி மூடாம இடிக்குதா
• இரும்புனா வெல்டிங் இடத்துல துரு
• ரெண்டு ஓரத்துலயும் தண்ணி மட்டம் வித்தியாசமா தெரியுதா
ஒண்ணு இருந்தாலும் முதல்ல தண்ணியைப் பாதிக்கு மேல இறக்குங்க. ஸ்டாண்ட் மாத்தும்போது தொட்டியை முழுசா காலி பண்ணிட்டுத்தான் தூக்கணும். தண்ணியோட நகர்த்தவே கூடாது.

26/ தொட்டி உடைஞ்சே போச்சுனா: முதல்ல மெயின் ஸ்விட்சை அணைங்க, அப்புறம்தான் ஈரத்துல கால் வைங்க. செருப்பு போட்டுக்கோங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணியை வச்சு நேரா அழுத்திப் பிடிங்க, அடிக்கடி எடுத்துப் பாக்காதீங்க. குத்தி நிக்கிற கண்ணாடியைப் பிடுங்காதீங்க, அதைச் சுத்தி அழுத்துங்க. காப்பித்தூள், மஞ்சள்தூள் வேணாம். 108-க்குக் கூப்பிடுங்க. வெட்டு சின்னதா தெரிஞ்சாலும் விரலை மடக்க நீட்ட முடியலைனா, மரத்துப் போன மாதிரி இருந்தா, தையல் மட்டும் போட்டுட்டு வீட்டுக்குப் போகாதீங்க. நரம்பு, தசைநாண் பாக்கணும்.

27/ பெரிய இடத்துக் கதையும் உண்டு. 2022 டிசம்பர் 16 விடியற்காலை, பெர்லின்ல ஒரு ஹோட்டலுக்குள்ள இருந்த அக்வாடோம் வெடிச்சது. 10 லட்சம் லிட்டர் தண்ணி, சுமார் 1,500 மீன். அந்த நேரத்துல ஆள் நடமாட்டம் இல்லாததால ரெண்டு பேருக்குக் காயத்தோட போச்சு. அதே மாசம் அமெரிக்காவுல, அலமாரி சாஞ்சு குழந்தைங்க இறந்ததை எதிர்த்துப் பெற்றோர் வருஷக்கணக்கா போராடி, துணி அலமாரி எளிதுல கவுறக் கூடாதுனு ஸ்டர்டி சட்டம் வந்தது. இறந்தது மத்தவங்க குழந்தைனு அங்க யாரும் விட்டுடல.

28/ நம்ம கடைக்காரங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஸ்டாண்ட் மேல "இத்தனை கிலோ தாங்கும்"னு எழுதி ஒட்டுங்க. நான் போய்ப் பார்த்த கடை எதுலயும் அது இல்ல. தொட்டி விக்கும்போது "எது மேல வைக்கப் போறீங்க?"னு ஒரு வார்த்தை கேளுங்க. மருந்துக் கடையில "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா"னு சொல்லிக் குடுக்குற மாதிரிதான். வாங்குறவங்களும் பேரம் பேசுறதுக்கு முன்னாடி எடை எவ்வளவு தாங்கும்னு கேளுங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு அவரே சொல்லுவார்.

29/ அந்தப் பையன் கட்டு பிரிக்க வந்தப்ப, "மீன் எல்லாம் செத்துப் போச்சு"னு என்கிட்ட சொன்னான். காலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. மறுபடி வாங்கித் தருவீங்களானு அப்பாகிட்ட கேட்டேன். "முதல்ல ஸ்டாண்ட் செய்யச் சொல்லியிருக்கேன் சார், இரும்புல"னார். எனக்கு அது போதும்.

30/ வீட்ல தொட்டி வச்சிருக்கிற நண்பர்களுக்கு இதை அனுப்புங்க. உங்க ஸ்டாண்ட் போட்டோவைக் கீழ போட்டா, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். வெல்டிங், கார்பென்டர் வேலை தெரிஞ்சவங்க நான் தப்பா சொல்லியிருந்தா திருத்துங்க, சேர்த்துக்கிறேன்.